பட்டாபிஷேகப் படத்துக்குப் புதுத் தங்கம் ஒட்டலாமா?

வாசகர் கேள்வி:

எங்கள் பூர்வீக வீடு கும்பகோணம் பக்கம். பூஜை அறையில் மூன்றடி உயரத்துக்கு ஒரு ராமர் பட்டாபிஷேகப் படம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் படம். அப்பாவின் பாட்டி கல்யாணமாகி வந்தபோதே அது இந்த வீட்டில் இருந்ததாம். இப்போது புகை ஏறிக் கறுத்துப்போய், மேலிருந்து கீழாக ஒரு விரிசலும் விட்டிருக்கிறது. கற்கள் சில உதிர்ந்துவிட்டன. யாரிடமாவது கொடுத்துப் புதுத் தங்கம் ஒட்டி, வண்ணம் தீட்டிப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்கிறார் அண்ணன். விரிசல் விட்ட சாமி படம் வீட்டில் இருக்கக் கூடாது, காவிரியில் விட்டுவிடலாம் என்கிறார் அண்ணி. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன், தன்னிடம் கொடுத்தால் ஏசி அறையில் வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். அம்மா எதுவும் சொல்லாமல் தினமும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார். வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம், அதற்குள் முடிவெடுக்க வேண்டும். படங்களை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஓவியப் பாதுகாப்பு நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் படத்தை யாரும் துடைக்க வேண்டாம். ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், உருளைக்கிழங்குத் துண்டு, கண்ணாடி துடைக்கும் திரவம் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். எதுவும் வேண்டாம். வீட்டு வேலை தொடங்கப்போகிறது என்றாலே யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்துவிடுவார். பழைய தஞ்சாவூர்ப் படங்களில் நான் பார்க்கும் பெரிய சேதங்கள் பலவும் அப்படி வந்தவைதான்.

ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், உங்கள் படம் செய்யப்பட்ட விதம் அப்படி. அடியில் மரப்பலகை, பெரும்பாலும் பலா. பெரிய படமென்றால் இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்துப் பின்னால் குறுக்குச் சட்டம் அடித்திருப்பார்கள். பலகை மேல் துணி. அதை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை. துணி மேல் சுண்ணத் தூளும் பசையும் கலந்த பூச்சு, நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கியது. அதன் மேல் கோட்டுப் படம். நகை, மாலை, தூண், சிம்மாசனம் எல்லாம் எழும்பித் தெரிய, அதே சுண்ணத் தூளைக் குழைத்த மக்கு. மக்கு ஈரமாக இருக்கும்போதே கற்களும் கண்ணாடித் துண்டுகளும் பதிக்கப்படும். பிறகு தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. வண்ணம் கடைசியில்தான் வரும். அந்த வண்ணத்தைப் பிடித்துவைத்திருப்பது மரப்பிசின். தண்ணீர் பட்டால் பிசின் கரையும். ராமரின் முகத்தில் புருவமும் கண்ணும் மெல்லிய தூரிகையில் இழுத்த கோடுகள். ஈரத்துணியால் ஒரே ஒரு தடவை அழுத்தித் துடைத்தால் அந்தக் கோடு துணியோடு வந்துவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

சரி, இப்போது அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாமி படம் பொலிவாக இருக்க வேண்டும் என்று நினைப்பது பக்திதான். ஆனால் அவரிடம் ஒரு செய்தி சொல்லுங்கள்: தங்கம் கறுக்காது. நீங்கள் பார்க்கும் கறுப்பு, தங்கத்தின் மேல் படிந்திருக்கும் விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். ஒருவேளை இடையில் எப்போதோ யாராவது பூசிய வார்னிஷும் இருக்கலாம். அது நாளாக ஆகப் பழுப்பேறிக் கறுக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் சட்டத்தின் ஓரம் மறைத்திருந்த இடத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தங்கம் தெரிகிறதே, அது மங்கவே இல்லை. கறுப்புக்கு அடியில் இருப்பதும் அதே தங்கம்தான். பயிற்சி பெற்றவர் கையில் கொடுத்தால் மேல் அழுக்கைப் பதம் பார்த்துப் பார்த்து எடுப்பார். பழைய தங்கமே வெளியே வரும். புதுத் தங்கத்துக்குத் தேவை இருக்காது.

புதுத் தங்கம் ஒட்டுவது என்றால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய தங்கத்தின் மேல் அப்படியே ஒட்ட மாட்டார்கள். தேய்ப்பார்கள், சில இடங்களில் மக்கையே சுரண்டி எடுத்துவிட்டுப் புது மக்கு வைப்பார்கள். முகத்துக்குப் போஸ்டர் கலர் பூசுவார்கள். வீட்டுக்கு வரும்போது படம் பளபளக்கும். உள்ளே இருக்கும் பலகை மட்டும்தான் உங்கள் கொள்ளுப்பாட்டி பார்த்ததாக இருக்கும்.

நீங்கள் அனுப்பியவற்றில் மூன்றாவது புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ராமரின் வலது பாதமும் அதன் கீழே இருக்கும் பீடமும். அங்கே மட்டும் தங்கம் தேய்ந்து, அடியிலிருக்கும் வெள்ளைச் சுண்ணம் தெரிகிறது. சுற்றியுள்ள தங்கம் முழுசாக இருக்கிறது. பூச்சி அரித்திருந்தால் துளைகள் இருக்கும், ஈரம் என்றால் கறை படர்ந்து உப்பியிருக்கும். இரண்டும் இல்லை. விளிம்பு மழுங்கி, நடுவில் வழவழப்பாக, ஒரு விரல் நுனி அகலத்துக்கு இருக்கிறது தேய்மானம். அது கைபட்டுத் தேய்ந்தது. படத்துக்குக் கண்ணாடி போடுவதற்கு முன்னால், பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட விரல்கள். பக்கத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து நிற்கின்றன. யார் யார் கை என்று நமக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வாழவந்த பெண்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். நான் அந்தப் படத்தில் வேலை செய்வதாக இருந்தால் அந்த இடத்தில் தங்கம் வைக்க மாட்டேன். சுண்ணம் மேலும் உதிராமல் கெட்டிப்படுத்திவிட்டு அப்படியே விடுவேன்.

அண்ணி சொன்னதையும் தட்டிக்கழிக்கக் கூடாது. பின்னமான, அதாவது உடைந்த மூர்த்தியைப் பூஜிக்கக் கூடாது என்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஆகம முறை நாம் நினைப்பதைவிட நிதானமானது. முதன்மை அங்கம் உடைந்ததா, விரல் நுனி, ஆபரணம், பீடம் போன்ற சிறிய பாகம் பழுதுபட்டதா என்று அது பிரித்துப் பார்க்கிறது. சிறிய பழுதைச் சரிசெய்து வழிபாட்டைத் தொடரலாம் என்று இடம் கொடுக்கிறது. பழுதானதைப் புதுப்பிக்க ஜீர்ணோத்தாரணம் என்றே ஒரு தனி முறை இருக்கிறதல்லவா? கோயில் திருப்பணியின்போது பாலாலயம் என்று தற்காலிகச் சந்நிதி அமைக்கிறார்களே, அப்போது தெய்வ சாந்நித்தியத்தை ஆவாகனம் செய்துவைப்பது பல கோயில்களில் ஒரு மரப்பலகையில் எழுதிய வண்ணப் படத்தில்தான். பலகையில் எழுதிய படத்துக்கு நம் வழிபாட்டில் அந்த அளவுக்கு இடமுண்டு.

உங்கள் படத்தின் விரிசலைக் கவனியுங்கள். அது அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போகிறது. பின்பக்கப் புகைப்படத்தில் அதே இடத்தில்தான் இரண்டு பலகைகள் சேர்கின்றன. ஆக, பலகை உடையவில்லை, இணைப்பு விலகியிருக்கிறது. மழைக்காலத்தில் மரம் உப்புவதும் கோடையில் சுருங்குவதுமாகத் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம் ஆணியால் இறுக்கப்பட்டிருப்பதால் மரத்துக்கு அசைய இடமில்லை. முன்பக்கம் பார்த்தால் அந்தக் கோடு சிம்மாசனத்துக்கும் சாமரம் வீசுபவருக்கும் நடுவில் இறங்குகிறது. எந்தத் திருமேனியையும் தொடவில்லை. இதை அண்ணியிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பூஜை செய்துவைக்கும் வாத்தியாரிடமும் படத்தை நேரில் காட்டிக் கேளுங்கள், அந்த முடிவைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். காவிரியில் விடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது என்பது மட்டும் என் தரப்பு.

காவிரி என்றதும் திருவையாறு நினைவுக்கு வருகிறது. தியாகராஜர் பூஜித்த ராம விக்கிரகங்களை அவருடைய அண்ணனே கோபத்தில் காவிரியில் எறிந்துவிட்டார் என்றும், அவை திரும்பக் கிடைக்கும்வரை தியாகராஜர் துடித்துப் பாடினார் என்றும் சொல்வார்கள். பூஜைப் பொருளை முன்வைத்து உடன்பிறந்தவர்களுக்குள் மனத்தாங்கல் வருவது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் படம் வந்த வழி அதுதான். 1676-ல் தஞ்சாவூர் மராத்தியர் கைக்கு வந்தது. 1855-ல் வாரிசில்லை என்று சொல்லி ஆங்கிலேயர் எடுத்துக்கொள்ளும்வரை அவர்கள் ஆட்சி. நாம் தஞ்சாவூர்ப் படம் என்று சொல்வது இந்தக் காலத்தில்தான் முழு உருவம் பெற்றது. எழுதியவர்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்தார். விஜயநகர, நாயக்கர் கால மரபின் தொடர்ச்சி. ஆதரித்தது மராத்தி பேசும் அரண்மனை, வழிபட்டது தமிழ்க் குடும்பங்கள். மராத்திய ராம பக்தரான சமர்த்த ராமதாசரின் வழிவந்த மடங்களும் பஜனை மடங்களும் தஞ்சைப் பகுதியில் வேர்விட்டிருந்த காலம் அது. பஜனைக் கூடத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் தெரிய வேண்டும். படம் பெரிதாக இருப்பதற்கும் தங்கம் மேடாக எழும்பி நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம். மேடான தங்கத்தில் சுடர் அசையும்போது ஒளியும் அசையும். மின்விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு அகல் வெளிச்சத்தில் ஒருநாள் அந்தப் படத்தைப் பாருங்கள், அதை எழுதியவர் எந்த வெளிச்சத்துக்காக எழுதினார் என்பது புரியும்.

தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) காலத்தில் இந்தக் கலை நல்ல செழிப்பாக இருந்தது. அவர் மனம் விசாலமானது. தனக்குக் குருவாக இருந்த பாதிரியார் ஸ்வார்ட்ஸ் இறந்த பிறகு, லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். மரணப்படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் பக்கத்தில் சரபோஜியே நிற்கிறார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் அது இன்றும் இருக்கிறது. தஞ்சை போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். அரண்மனை போன பிறகு ஓவியர்களைத் தாங்கியவர்கள் வணிகக் குடும்பங்கள், முக்கியமாகச் செட்டிநாட்டு நகரத்தார். அப்புறம் 1894-ல் ஓவியர் ரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் தொடங்கியது. லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுத்தாளில் குறைந்த விலைக்கு வீடு வீடாகப் போனார்கள். பலகையில் எழுதி வாங்குவது குறைந்தது.

உங்கள் படத்தின் வயதைக் கணினித் திரையில் பார்த்து நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். வண்ணங்களைப் பரிசோதித்தால் சில விஷயங்கள் தெரியும். செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1828-க்குப் பிறகுதான் கடைக்கு வந்தது. டைட்டானியம் வெள்ளை 1920-களுக்குப் பிறகுதான் ஓவியர்களிடம் பரவியது. பழைய படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தால், இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சிங்கப்பூர் விஷயத்தில் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. அனுப்ப முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத ஓவியம் தொல்பொருள். நீங்கள் சொல்லும் கணக்குப்படி இது அந்த எல்லைக்குள் வர எல்லா வாய்ப்பும் இருக்கிறது. தொல்பொருளைத் தனிநபர் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. விற்கவில்லை, குடும்பத்துக்குள்ளேயே கொடுக்கிறோம் என்றாலும் அதே சட்டம்தான். வீட்டில் வைத்து வழிபடத் தடை எதுவும் இல்லை. பதிவு செய்ய வேண்டிய பொருள்களில் ஓவியங்களும் உண்டு, அதனால் பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்துச் சான்று வாங்கிவிடுங்கள். பதிவு செய்தால் அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பதிவால் உரிமை மாறாது. திருட்டுப் போனால் இது எங்கள் பொருள் என்று காட்ட உங்களிடம் புகைப்படத்தோடு ஒரு ஆவணம் இருக்கும், அது பெரிய பலம். இன்னொன்று, ஏசி அறை பாதுகாப்பு என்பது பாதி உண்மைதான். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்று மாறி மாறி வந்தால் மரத்துக்கு நம்மூர் முற்றத்துக் காற்றே மேல்.

அண்ணனுக்கும் சித்தப்பா மகனுக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான். புதுப் படம் எழுதச் சொல்லுங்கள். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இன்றும் நன்றாக எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பட்டாபிஷேகத்தின் அதே அமைப்பில், அதே வரிசையில் நிற்கும் தம்பிமார்கள், அதே அனுமன் என்று புகைப்படம் கொடுத்து எழுதி வாங்குங்கள். புது வீட்டுக் கூடத்தில் அண்ணன் ஆசைப்பட்ட பளபளப்போடு ஒன்று இருக்கட்டும். சிங்கப்பூருக்கு ஒன்று போகட்டும். புதுப் படத்தைக் கொண்டுபோகச் சட்டச் சிக்கல் இல்லை, ரசீதை மட்டும் கையில் வைத்திருங்கள். பழைய படத்தைச் சுரண்டச் செலவழிக்க இருந்த பணம் ஒரு ஓவியர் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். எனக்கு இதில்தான் மனசு நிறைகிறது.

இனி வீடு இடிக்கும் விஷயம். படத்துக்கு இப்போது இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். இடிபடும் வீட்டில் ஒருநாள்கூட அது இருக்க வேண்டாம். முன்னதாகவே காய்ந்த, வெயில் நேரே படாத ஓர் அறைக்கு மாற்றுங்கள். சட்டத்தைக் கழற்ற வேண்டாம். கண்ணாடியையும் எடுக்க வேண்டாம்; சில இடங்களில் மக்கும் வண்ணமும் கண்ணாடியோடு ஒட்டியிருக்கலாம், இழுத்தால் பிய்ந்துவிடும். இரண்டு பேர் இருபக்கமும் கீழ்ச் சட்டத்தைத் தாங்கித் தூக்குங்கள், கொக்கியைப் பிடித்துத் தூக்காதீர்கள். உதிர்ந்த கற்களை ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் உதிர்ந்தது என்று தெரிந்தவரை எழுதிவையுங்கள். சுத்தமான பருத்தித் துணியால் போர்த்துங்கள். பிளாஸ்டிக் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அந்துருண்டை, பூச்சி மருந்து எதையும் மேலே படவிடாதீர்கள். படத்தின் கீழே தினமும் மாவுபோல மரத்தூள் விழுகிறதா என்று ஒரு வெள்ளைத் தாள் விரித்துப் பாருங்கள். விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, தாமதிக்காமல் எழுதுங்கள்.

புது வீட்டில் பூஜை அறைச் சுவர் குளியலறைச் சுவராக இருக்க வேண்டாம். புதுச் சுவர் நன்றாகக் காயும்வரை படத்தை மாட்டாதீர்கள். மாட்டும்போது பின்னால் நான்கு மூலையிலும் சிறு மரக்கட்டை வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட இடம் விடுங்கள். கீழே ஒரு மரத்தாங்கி இருந்தால் எடை ஆணியில் தொங்காது. விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் முன்னால் தள்ளி வைக்கலாம். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் சட்டத்துக்கு.

இது அம்மாவின் மனசைப் புண்படுத்தும் என்று நினைக்காதீர்கள். ஸ்ரீரங்கம் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால், அதாவது சுண்ணச் சாந்தால் ஆனது என்பதால் மூலவருக்கு நீரால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். திருமஞ்சனமெல்லாம் உற்சவருக்கு. வங்காளத்தில் துர்கா பூஜையில் மண் பிரதிமை கரையாமலிருக்க, கண்ணாடியில் தெரியும் அம்மன் பிம்பத்துக்குத்தான் நீராட்டுகிறார்கள். மேனி எதனால் ஆனது என்று பார்த்து அதற்கேற்ப உபசாரம் செய்வது நம் மரபிலேயே இருக்கிறது. படத்தின் முன் ஒரு சிறிய விக்கிரகமோ பாதுகையோ வைத்து, தொட்டுச் செய்யும் பூஜையை அதற்குச் செய்யலாம். ஆனால் எந்த மாற்றம் செய்வதானாலும் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவருடையது இல்லை. அந்தப் படத்தோடு அதிக நாள் வாழ்ந்தவர் அவர். படம் யார் வழியாக வந்தது, ஸ்ரீராமநவமிக்கு என்ன செய்வார்கள், யார் பூஜை செய்தார்கள் என்று அவர் சொல்வதை ஃபோனில் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஆய்வகம் எதுவும் கண்டுபிடித்துத் தர முடியாத தகவல் அது.

வேலையை யாரிடம் கொடுப்பது? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. அங்கே எழுதி ஆலோசனை கேட்கலாம். கலைப் பொருள் பாதுகாப்பில் இன்டாக் (INTACH) என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்புக்கும் நல்ல அனுபவம் உண்டு. தனியாரிடம் கொடுப்பதென்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: தொடங்கும் முன் ஓரத்தில் சிறு இடத்தில் சோதித்துக் காட்டுவீர்களா, நீங்கள் சேர்ப்பதைப் பின்னால் ஒருவர் பழசுக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியுமா, செய்ததையெல்லாம் புகைப்படத்தோடு எழுதித் தருவீர்களா. "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்று பதில் வந்தால் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

ஆலோசனை கேட்டு எழுதும்போது முன்பக்கம் முழுசாக ஒன்று, பின்பக்கம் முழுசாக ஒன்று, விரிசலை ஒட்டி ஒன்று, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தது ஒன்று என நான்கு புகைப்படங்கள் அனுப்புங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எங்கே மக்கு தூக்கி நிற்கிறது, எங்கே உதிரப் போகிறது என்பது தெரியும். ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் பட்டு எதுவும் தெரியாமல் போகும். பின்பக்கச் சட்டத்தில் சட்டம் போட்ட கடையின் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் தனியாக எடுத்து அனுப்புங்கள்.